காபாவைக் கூட்டும் மருந்து கொடுத்தும் வலிப்பு ஏன் நிற்கவில்லை?

கேட்கப்பட்டது இது: அக்கா மகனுக்கு 11 வயது. நான்கு ஆண்டுகளாக வலிப்பு. வால்புரோயேட், குளோபசாம், லெவிடிராசெட்டாம் ஆகிய மூன்றும் கொடுத்தும் வாரத்துக்கு இரண்டு முறையாவது வருகிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற பொருள் குறைவதால்தான் வலிப்பு வருகிறது, மருந்துகள் அதைக் கூட்டுகின்றன என்று படித்திருக்கிறார்கள். கூட்டியும் ஏன் நிற்கவில்லை? கடையில் விற்கும் காபா மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

மாத்திரையை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். வாயால் விழுங்கும் காபா இரத்தத்துக்குப் போகும். ஆனால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டுவது மிகமிகக் குறைவு. அந்தப் பணத்தை இரத்தப் பரிசோதனைக்கோ போக்குவரத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான கேள்வி. "காபா குறைவதால் வலிப்பு" என்ற வாக்கியம் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை நம்பித்தான் பல குடும்பங்கள், இன்னும் கொஞ்சம் டோஸ் கூட்டினால் நின்றுவிடும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பில் காபாவின் அளவு பெரும்பாலும் சிக்கலே அல்ல. அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் இடம் மாறுகின்றன, அவற்றின் பாகங்கள் மாறுகின்றன, சில நரம்பணுக்களில் அவை செய்யும் வேலையே தலைகீழாகிறது. மருந்து தட்டும் கதவு பழைய கதவாக இல்லை.

காபாவைப் பாலூட்டிகளின் மூளையில் 1950-இல் யூஜின் ராபர்ட்ஸ் கண்டறிந்தார். ஒரு நரம்பணு காபாவை உமிழ்ந்தால், அடுத்த நரம்பணுவின் மேலுறையில் இருக்கும் ஏற்பி அதைப் பிடித்துக்கொள்கிறது. இந்த ஏற்பிகளில் இரண்டு பெரிய வகைகள். காபா-ஏ என்பது தானே ஒரு துளை. திறந்தால் குளோரைடு அயனி ஓடும், ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் வேலை முடிந்துவிடும். காபா-பி மெதுவானது; உள்ளே வேறு புரதங்களைத் தூண்டிப் பொட்டாசியம் வாயில்களைத் திறக்க வைக்கும், நரம்பு நுனியில் சுரப்பை அடக்கும். வலிப்பு மருந்துகளின் கதை பெரும்பாலும் காபா-ஏ பற்றியதுதான்.

காபா-ஏ என்பது துணை அலகுகள் எனப்படும் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் துளை விட்ட அமைப்பு. மனித மரபணுத் தொகுப்பில் இந்தத் துணை அலகுகளுக்கு 19 மரபணுக்கள் உள்ளன. பெரும்பாலான ஏற்பிகளில் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா, ஒரு காமா. காபா ஒட்டிக்கொள்வது ஆல்ஃபாவும் பீட்டாவும் சேரும் இடுக்கில். டயசெபாம், லொராசெபாம், மிடசோலம், குளோபசாம் போன்ற டயசெபாம் குடும்ப மருந்துகள் ஒட்டுவது ஆல்ஃபாவும் காமாவும் சேரும் இடுக்கில். இவை துளையை அடிக்கடி திறக்க வைக்கும். 1912 முதல் வலிப்புக்குப் பயன்படும் பினோபார்பிட்டோன் வேறொரு இடத்தில் ஒட்டித் துளை திறந்திருக்கும் நேரத்தை நீட்டும். டயசெபாம் குடும்பம் தானாக எதையும் திறப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். காபா வந்திருக்க வேண்டும், ஏற்பி மேலுறையில் இருக்க வேண்டும், அதில் சரியான ஆல்ஃபாவும் காமாவும் இருக்க வேண்டும். இதில் எது போனாலும் மருந்துக்கு அங்கே வேலையில்லை.

உங்கள் பட்டியலில் காபா-ஏ ஏற்பியை நேரடியாகத் தொடுவது குளோபசாம் மட்டுமே. வால்புரோயேட் பல வழிகளில் செயல்படுவது. காபாவை ஓரளவு கூட்டுவது அவற்றில் ஒன்று. லெவிடிராசெட்டாம் நரம்பு நுனியிலுள்ள சுரப்புப் பைகளின் ஒரு புரதத்தில் ஒட்டுகிறது. ஆகவே மூன்றும் காபாவைக் கூட்டும் மருந்துகள் என்பது சரியல்ல.

இரண்டு பொருத்தமான மருந்துகளைச் சரியான அளவில், தாங்கக்கூடிய விதத்தில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று அழைக்கலாம் என 2010-இல் உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் வரையறுத்தது. இரண்டு என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. கிளாஸ்கோ நகரில் குவானும் பிராடியும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அதுவரை மருந்தே எடுக்காத 470 பேரில் முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 சதவீதம். இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் நின்றவர்கள் 14 சதவீதம். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து நின்றவர்கள் வெறும் 3 சதவீதம். அதன் பிறகு புதிய மருந்துகள் பல வந்தும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை.

ஏற்பிக்கு என்ன ஆகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுவது நிற்காமல் நீடிக்கும் வலிப்பு. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது அவசரநிலை. ஏற்பிகள் மேலுறையில் ஆணி அடித்து வைத்தவை அல்ல. ஓயாமல் உள்ளே இழுக்கப்பட்டு, திரும்ப மேலே வந்துகொண்டிருப்பவை. வலிப்பு நீடிக்கும்போது காமா உள்ள ஏற்பிகள் கூட்டம் கூட்டமாக அணுவுக்குள் இழுக்கப்படுகின்றன. திரும்பி வருவது குறைகிறது. அதே நேரத்தில் தூண்டும் வேலை செய்யும் குளுட்டமேட் ஏற்பிகளில் ஒரு வகை மேலுறைக்கு ஏறி வருகிறது. தடுப்பு இறங்க, தூண்டல் ஏறுகிறது. எலிகளில் ஜெய்தீப் கபூரும் ராபர்ட் மெக்டொனால்டும் 1997-இல் காட்டியது இன்றும் என்னை அதிரவைக்கிறது: வலிப்பு தொடங்கிப் பத்து நிமிடத்தில் கொடுத்தால் போதுமாயிருந்த டயசெபாம், 45 நிமிடத்தில் ஏறக்குறையப் பத்து மடங்கு தேவைப்பட்டது. நேரம் போகப் போக ஒட்டுவதற்கு ஏற்பியே இல்லாமல் போகிறது.

அதனால்தான் அவசரப் பிரிவில் டயசெபாம் வகை மருந்துக்கு அடங்காவிட்டால் வேறு வழியில் செயல்படும் மருந்துக்கு மாறுகிறார்கள். கபூர் தலைமையில் 2019-இல் வெளியான பெரிய சோதனையில் லெவிடிராசெட்டாம், ஃபாஸ்பெனிட்டாயின், வால்புரோயேட் மூன்றும் ஏறக்குறையச் சமமாக, பாதிக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளிடம் பலன் தந்தன. எது சிறந்தது என்று மருத்துவர்கள் பல ஆண்டுகளாக வாதிட்டதற்கு அது பதில். மீதிப் பாதிக்கு இன்னும் நல்ல விடை இல்லை.

காமாவுக்குப் பதில் டெல்டா என்ற துணை அலகு கொண்ட ஏற்பிகள் நரம்புச் சந்திப்புக்கு வெளியே இருக்கின்றன. இவை வலிப்பு நீண்டாலும் அவ்வளவு எளிதில் உள்ளே போவதில்லை. மூளையே தயாரிக்கும் சில ஸ்டீராய்டுகள் இவற்றை வலுவாகத் தூண்டும். அப்படியானால் அந்த ஸ்டீராய்டைக் கொடுத்தால் அடங்காத வலிப்பு அடங்க வேண்டுமே? கோட்பாட்டளவில் அழகான யோசனை. ஆனால் அப்படிப்பட்ட பிரெக்ஸனோலோன், மயக்க மருந்துக்கும் அடங்காத வலிப்பில் 2017-இல் நடந்த பெரிய சோதனையில் பலன் காட்டவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த கனக்ஸோலோனுக்கு, சிடிகேஎல்5 என்ற மரபணுக் குறைபாட்டால் வரும் வலிப்புக்கு மட்டும் 2022-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. எலியில் நேர்க்கோடாகத் தெரிவது மனித மூளையில் அப்படி இருப்பதில்லை.

நீடிக்கும் வலிப்பில் மாற்றம் நிமிடங்களில் நடக்கிறது. நாள்பட்ட வலிப்பில் வாரங்களில் நடக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியின் வாயிலில் சிறுமணி அணுக்கள் என்ற கூட்டம் உண்டு. வெளியிலிருந்து வரும் அலையை வடிகட்டி உள்ளே விடுவது அவற்றின் பணி. ஏமி புரூக்ஸ்-கயல் குழு 1998-இல் எலிகளில் கண்டது: நீண்ட வலிப்பால் காயப்பட்ட மூளையில் இந்த அணுக்கள் ஆல்ஃபா1 என்ற வகைத் துணை அலகைச் செய்வதைக் குறைத்து ஆல்ஃபா4 என்ற வகையைச் செய்வதைக் கூட்டுகின்றன. தானாக வரும் முதல் வலிப்புக்கு முன்னரே இது நடந்துவிடுகிறது. ஆல்ஃபா4 உள்ள ஏற்பியில் டயசெபாம் வகை ஒட்டாது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதே காரணம். போதாக்குறைக்கு அந்த ஏற்பியைத் துத்தநாகம் எளிதில் முடக்கும். வலிப்பு மூளையில் தவறாகக் கிளைவிட்டு வளரும் நரம்பிழைகள் உமிழ்வதில் துத்தநாகமும் இருக்கிறது. பின்னர் அதே ஆய்வாளர்கள் ஆல்ஃபா1 மரபணுவை வைரஸ் வழியே எலி மூளைக்குள் செலுத்தியபோது வலிப்பு தள்ளிப்போனது, சில எலிகளுக்கு அந்தக் காலத்தில் வரவேயில்லை. ஏற்பியின் மாற்றம் நோயின் விளைவு மட்டுமல்ல, காரணத்திலும் பங்குள்ளது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து குறைவு.

அடுத்தது குளோரைடு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு மதகு. திறந்தால் தண்ணீர் வயலுக்குப் பாயும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் எந்தப் பக்கம் பாயும் என்பதை மதகு முடிவு செய்வதில்லை. இரு பக்க நீர்மட்டம் முடிவு செய்கிறது. வயலில் மட்டம் உயர்ந்திருந்தால், மதகைத் திறந்ததும் தண்ணீர் வாய்க்காலுக்கே திரும்பும். காபா-ஏ ஏற்பி அப்படி ஒரு மதகு. முதிர்ந்த நரம்பணுவுக்குள் குளோரைடு குறைவு. ஏற்பி திறந்தால் குளோரைடு உள்ளே வந்து அணுவை அமைதிப்படுத்தும். உள்ளே குளோரைடைக் குறைவாக வைத்திருப்பது கேசிசி2 என்ற புரதம். ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கும். என்கேசிசி1 என்ற இன்னொன்று உள்ளே கொண்டுவரும். கேசிசி2 குறைந்தாலோ என்கேசிசி1 மிகுந்தாலோ உள்ளே மட்டம் உயரும். அப்போது காபா வந்து ஏற்பியைத் திறந்தால் குளோரைடு வெளியேறும். அணு அமைதியடையாது, கிளர்ச்சியடையும்.

இது வெறும் கற்பனை அல்ல. நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியான பொட்டு மடலில் எழும் வலிப்புக்காக அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட மனித மூளைத் திசுவைப் பாரிஸ் நகரில் ரிச்சர்ட் மைல்ஸ் குழு ஆய்வகத்தில் உயிரோடு வைத்துப் பதிவு செய்தது. 2002-இல் அவர்கள் எழுதியது: ஹிப்போகாம்பஸை ஒட்டிய பகுதியில், உடலை விட்டுப் பிரிந்த பிறகும் திசு தானாகவே வலிப்பு அலைகளை எழுப்பியது. அங்குள்ள பிரமிடு வடிவ நரம்பணுக்களில் ஒரு சிறுபான்மை காபாவால் அடங்குவதற்குப் பதில் தூண்டப்பட்டது. காபா ஏற்பியை அடைத்தபோது அந்த அலைகள் நின்றன. தடுப்பவரே தூண்டுபவராகிவிட்ட இடத்தில் தடுப்பு மருந்தைக் கூட்டினால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ரிக்கார்டோ மிலெடி, எலியோனோரா பால்மா என்ற ஆய்வாளர்கள் இருவரும் வேறொரு வழியில் போனார்கள். நோயாளிகளின் மூளைத் திசுவிலிருந்து மேலுறைத் துண்டுகளை எடுத்துத் தவளையின் முட்டை அணுவுக்குள் செலுத்தினார்கள். மனித ஏற்பிகள் தவளை முட்டையின் மேலுறையில் குடியேறி வேலை செய்தன. அடங்காத வலிப்புள்ளவர்களின் ஏற்பிகளில் ஒரு பழக்கம் தெரிந்தது: காபாவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அவற்றின் மின்னோட்டம் விரைவில் தளர்ந்துபோகிறது. மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் சோர்ந்துவிடும் தடுப்பு அது.

குளோரைடு மட்டத்தைச் சரிசெய்யும் மருந்து உண்டா? சிறுநீர் பெருக்கியான பியூமெட்டனைடு என்கேசிசி1-ஐத் தடுக்கும். பச்சிளங்குழந்தைகளின் மூளையில் கேசிசி2 இன்னும் வளர்ந்திருக்காது என்பதால் அவர்களிடம் பலிக்கும் என்று நம்பினார்கள். ஐரோப்பாவில் 14 குழந்தைகளோடு அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. வலிப்பில் பலன் தெரியவில்லை. பிழைத்த 11 பேரில் 3 குழந்தைகளுக்குச் செவித்திறன் பாதிப்பு. 2015-இல் வெளியான அந்த அறிக்கையை நான் வகுப்பில் எப்போதும் படிக்கச் சொல்வேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பச்சிளங்குழந்தைக்குக் காபா கிளர்ச்சியூட்டும் என்றால் பினோபார்பிட்டோன் பலிக்கக் கூடாது. 2020-இல் வெளியான சோதனையில், 24 மணி நேரம் வலிப்பின்றி இருந்தவர்கள் பினோபார்பிட்டோனில் 80 சதவீதம், லெவிடிராசெட்டாமில் 28 சதவீதம். கோட்பாடு தவறில்லை, ஆனால் மூளை முழுவதும் ஒரே மட்டத்தில் இல்லை. மதகின் கதையை வைத்துக்கொண்டு யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஏற்பியில் பழுதே இல்லாமலும் தடுப்பு தோற்கலாம். சிறு வயதிலேயே வலிப்போடு தொடங்கும் டிராவெட் நோயில் காபாவை உமிழும் நரம்பணுக்களுக்குத் தேவையான ஒரு சோடியம் வாயில், எஸ்சிஎன்1ஏ மரபணுவின் பிழையால் பாதியாகக் குறைந்திருக்கும். ஏற்பி காத்திருக்கிறது, அனுப்புபவர் வரவில்லை. இங்கே கார்பமசெபின், பெனிட்டாயின், லாமோட்ரிஜின் போன்ற சோடியம் வாயிலை அடைக்கும் மருந்துகள் நோயை மோசமாக்கும். அது தெரியாமல் அவற்றைக் கூட்டிக்கொண்டே போனால், மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று நாம் அழைப்பது மருந்தால் வளர்ந்த வலிப்பாகவும் இருக்கலாம். குளோபசாமும் ஸ்டிரிபென்டாலும் சேர்த்துக் கொடுப்பது அவர்களுக்கு உதவுகிறது. முதல் வயதுக்குள் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வந்திருந்தால் எஸ்சிஎன்1ஏ மரபணுச் சோதனையை ஒருமுறையாவது கேளுங்கள்.

இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பும் சிறுவர் வலிப்பில், மூளையின் நடுவிலுள்ள தலாமஸில் தடுப்பு குறைவில்லை, கூடுதல். அதனால் காபாவைக் கூட்டும் விகாபட்ரின், டியாகபின் ஆகியவை அந்த வகையை மோசமாக்கும். வலிப்பின் வகை தெரியாமல் காபாவைக் கூட்டுங்கள் என்பது சிகிச்சையே அல்ல.

உடலின் எதிர்ப்பாற்றலே இந்த ஏற்பிகளைத் தாக்குவதும் உண்டு. காபா-பி ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் 2010-இலும், காபா-ஏ ஏற்பிக்கு எதிரானவை 2014-இலும் விவரிக்கப்பட்டன. சில வாரங்களில் நடத்தை மாறி, நினைவு தடுமாறி, எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு வந்தால் இதை நினைக்க வேண்டும். காபா-பி வகையில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நுரையீரலில் ஒரு வகைப் புற்றுநோய் மறைந்திருக்கும். இவர்களுக்கு ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்ற எதிர்ப்பாற்றல் சிகிச்சை வேண்டும். வலிப்பு மாத்திரை மட்டும் போதாது. ஏற்பியின் துணை அலகுகளை எழுதும் மரபணுக்களிலேயே பிழை இருக்கும் குடும்பங்களும் உண்டு. காமா2-இல் அப்படிப்பட்ட பிழைகள் 2001 முதல் அறியப்பட்டவை.

அடங்காமைக்குக் காரணம் எல்லாம் தடுப்பு ஏற்பிதான் என்று சொல்ல மாட்டேன். மருந்தை மூளையிலிருந்து வெளியே தள்ளும் புரதங்கள், சோடியம் வாயிலின் மாற்றம், மூளையின் இணைப்புகளே மாறிப்போவது என வேறு விளக்கங்களும் வலுவாக உள்ளன. ஒரே நோயாளியிடம் பலவும் சேர்ந்திருக்கும்.

புதியவற்றில் நம்பிக்கை தருவது செனோபமேட். சோடியம் வாயிலையும் அடக்கும். காபா-ஏ ஏற்பியில் டயசெபாம் ஒட்டாத வேறொரு இடத்திலும் வேலை செய்யும். பெரியவர்களிடம் நடந்த சோதனையில், ஏற்கெனவே மருந்துகளுக்கு அடங்காதவர்களில் தினம் 400 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் 21 சதவீதத்தினருக்குச் சோதனையின் இறுதிக் கட்டம் முழுவதும் வலிப்பே வரவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 1 சதவீதம். இந்தத் துறையில் இது பெரிய எண். இன்னொரு புறம், ஆய்வகத்தில் வளர்த்த காபா நரம்பணுக்களையே பொட்டு மடலுக்குள் ஊசி வழியே வைக்கும் சோதனை 2022-இல் மனிதர்களிடம் தொடங்கியது.

இனி உங்கள் அக்கா மகனுக்கு வருகிறேன். மூன்று மருந்துகள் தோற்றுவிட்டன. நான்காவது மருந்துக்காகக் காத்திருக்காமல், வலிப்பு அறுவை சிகிச்சை செய்யும் மையம் ஒன்றில் அவனை மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். மூளை அலைகளையும் வலிப்பையும் சேர்த்துப் பதியும் வீடியோ இ.இ.ஜி., வலிப்புக்கென்றே எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் பெட் ஸ்கேன். மூளையின் ஒரு துண்டில் ஏற்பிகள் கெட்டுக் கிடக்கின்றன என்றால், அந்தத் துண்டைப் பாதுகாப்பாக எடுக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 18 வயதுக்குட்பட்ட 116 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான சோதனையில், ஓராண்டு முடிவில் வலிப்பின்றி இருந்தவர்கள் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 77 சதவீதம். மருந்து மட்டும் பெற்றவர்களில் 7 சதவீதம். எல்லோருக்கும் அது பொருந்தாது. பொருந்துமா என்று பார்க்காமலே ஆண்டுகள் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைக்கும் கீட்டோ உணவு முறையும் சிறுவர்களுக்கு உண்மையான சிகிச்சை. உணவியல் நிபுணர் துணையோடு மட்டும். மரபணுச் சோதனையைப் பற்றியும் கேளுங்கள்.

குளோபசாமை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஒரு வேளைகூட. மாதக்கணக்கில் இந்த வகை மருந்து எடுத்தால் ஏற்பி அதற்குப் பழகி, மருந்தின் பலன் பலருக்குக் குறைகிறது. பழகிய ஏற்பியிடமிருந்து மருந்தைத் திடீரென எடுத்தால் நிற்காத வலிப்பு வரலாம். குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லும் வேகத்தில், வாரக்கணக்கில்.

மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரேயை மருத்துவரிடம் எழுதி வாங்கி, அவனுடைய எடைக்கு எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று பள்ளியில். வலிப்பு தொடங்கியதும் ஒருவர் அவனை ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும், இன்னொருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், இரும்பைக் கையில் கொடுக்க வேண்டாம். ஐந்து நிமிடம் ஆனதும் ஸ்பிரே. அதற்குமேல் நின்றுவிடுமா என்று காத்திருக்காதீர்கள்; அந்த மருந்து ஒட்ட வேண்டிய ஏற்பிகள் அப்போது உள்ளே போகத் தொடங்கியிருக்கும்.